தோப்புக்கு வந்த மாப்பிள்ளை

வேல்விழிக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தபோது, அவளே தனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் அவளுக்கு வேலை. அங்கே இன்வெர்ட்டருக்கு பேட்டரி மாற்ற வந்த மகாராஜனோடு முதலில் பேட்டரியைப் பற்றியும், பிறகு வேறு விஷயங்களைப் பற்றியும் பேசிப் பழகியிருந்தாள். அவர் வாசுதேவநல்லூரில் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை.

அண்ணன் பேச்சிராஜாவிடம் இதை அவள் சொன்னபோது, அவர் தன் உரக்கடையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் இறக்கிப் பூட்டிய பிறகுதான் திரும்பினார்.

"ரெண்டாந்தாரமாவா போவ?"

"எனக்கு நாப்பத்தொண்ணு ஆவுதுண்ணே."

"அதுக்கு?"

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு வந்த வரன்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தவர் அவர்தான். ஒருவனுக்குக் குடி. ஒருவனுக்கு நிலையான வேலை இல்லை. இன்னொருவனுடைய அம்மாவின் பேச்சு சரியில்லை. காரணங்கள் எல்லாமே உண்மையானவை. அப்படியே வருடங்களும் போய்விட்டன.

மதினி நிர்மலாதேவிதான் ஒரு வழி சொன்னாள். அவளுடைய அண்ணனுக்கு வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு உண்டு. கோடை லீவில் ஒரு நாள் எல்லோரும் அங்கே போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவார்கள். இந்த வருடம் ராத்திரியும் தங்கியே ஆகவேண்டும் என்று, கல்லூரியில் படிக்கும் அவள் மகள் அபிஷா ஆன்லைனில் இரண்டு டென்ட் வாங்கிவைத்திருந்தாள்.

"அவரையும் அங்கன வரச் சொல்லுவோம்" என்றாள் நிர்மலாதேவி. "வீட்டுக்கு வந்தா பொண்ணு பாக்க வந்த மாதிரி ஆயிரும். தோப்புன்னா சும்மா வந்த மாதிரி இருக்கும். பேசிப் பாருங்க. புடிக்கலன்னா கறி தின்னுட்டுப் போவட்டும்."

பேச்சிராஜா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தாண்டி மகாராஜன் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நுங்கு. இஸ்திரி போட்ட சட்டை. இவர்கள் காரில் முன்பே வந்து பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அபிஷா முதல் டென்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மகாராஜன் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குக் கம்பி பிடிக்கப் போனார். கம்பியை எந்த ஓட்டையில் நுழைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. பேச்சிராஜா சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு அவரும் எழுந்துபோய் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். டென்ட் ஒருவழியாக நிமிர்ந்து நின்றது. இரண்டாவதைப் பிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

"வீட்டுல ஃபேன விட்டுட்டு இதுக்குள்ள படுக்கணுமாம்" என்றார் பேச்சிராஜா. மகாராஜன் சிரித்தார். சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தது போலிருந்தது வேல்விழிக்கு.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெரிய மருதமரம். நிழல் நன்றாக இருந்ததால் பேச்சிராஜா அதன் கீழேயே மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினார். கறி சமைப்பது எப்போதும் அவர் பொறுப்பு. விறகு கொஞ்சம் ஈரமாக இருந்தது. புகை தூண் மாதிரி எழும்பி மரத்துக்குள் போனது. யாரும் மேலே பார்க்கவில்லை.

வெங்காயத்தை எண்ணெயில் போட்டுக்கொண்டே அவர் கேட்டார், "சம்சாரத்துக்கு என்ன செஞ்சுது?"

"கிட்னி, அண்ணாச்சி. ரெண்டு வருசம் டயாலிசிஸ் பாத்தோம். திருநெவேலிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சோம்."

"ரெண்டு வருசமும் நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களா?"

"வேற யாரு இருக்கா?"

பேச்சிராஜா கரண்டியால் கிளறினார். அடுத்த கேள்வியைக் கேட்க அவர் வாயைத் திறந்தபோது கழுத்தில் ஏதோ கொட்டியது. கையால் தட்டினார். இன்னொன்று. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தார். உயரத்தில், ஒரு கொப்பிலிருந்து கறுப்பாகத் தொங்கிய கூடு கலைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மலைத்தேனீ.

"ஏட்டி, ஓடுங்க!" என்று கத்தினார்.

நிர்மலாதேவிக்கு மூட்டுவலி. பாயிலிருந்து எழுந்திருக்கவே ஒரு ஆள் கை கொடுக்கவேண்டும். அபிஷா அவளை இழுத்தாள். வேல்விழி மறுபக்கம் பிடித்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் தலையெல்லாம் ஈ. பேச்சிராஜா மூன்று பேரையும் முதுகில் கைவைத்து டென்ட்டுக்குள் தள்ளினார். வேல்விழிதான் கடைசியாக விழுந்தாள். அவள் காதருகே, வெளியிலிருந்து ஜிப் ஒரே இழுப்பில் மூடிக்கொண்ட சத்தம் கேட்டது.

உள்ளேயும் சில ஈக்கள் வந்துவிட்டன. அபிஷா அவற்றைச் செருப்பால் அடித்துக்கொண்டே அழுதாள். வெளியே பேச்சிராஜா கத்துவது கேட்டது. துண்டை வீசும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரில் எதுவோ பொத்தென்று விழுந்தது. மகாராஜனின் குரல் எங்கேயும் கேட்கவில்லை. டென்ட்டில் ஒரு சின்ன வலை ஜன்னல் இருந்தது. அதன் வழியாக வேல்விழி அவரைப் பார்த்தாள். தோப்பின் கடைசி வரிசை மரங்களைத் தாண்டி அவர் ஓடிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஈக்கள் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெண்கள் வெளியே வந்தபோது பேச்சிராஜா வாய்க்காலில், முழங்கால் தண்ணீரில், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கரைமேல் சாய்ந்து கிடந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை. கண்கள் இரண்டும் மூடிவிட்டன. மூச்சு வாங்கியது. அவர்கள் மூவரில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அபிஷா போனை எடுத்தாள். சிக்னல் இல்லை.

அப்போது மகாராஜன் திரும்பி வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் வாய்க்காலில் இறங்கி, பேச்சிராஜாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். "சாவி எங்க?" என்று மட்டும் கேட்டார். வாசுதேவநல்லூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை காரில் வேறு பேச்சு இல்லை. பின்சீட்டில் நிர்மலாதேவி மட்டும் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்ஸம்மா ஒரு அட்டையின் விளிம்பால் கொடுக்குகளைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். காலை வரை வார்டில் இருக்கவேண்டும், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் வேல்விழி வெளியே வந்தாள். மகாராஜன் வேப்பமரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க."

அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். "எதுக்கு ஓடுனீங்க?"

"தெரியல. காலு பாட்டுக்குப் போயிட்டு."

"நாங்க அங்கன இருக்கோம்னு நெனப்பு இல்லையா?"

நினைப்பு இருந்தது என்றோ, ஆளைக் கூட்டிவரப் போனேன் என்றோ அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நம்பிவிடுவது என்று வேல்விழி முடிவுசெய்து வைத்திருந்தாள்.

"வரப்பத் தாண்டுன பெறவுதான் உங்க ஞாபகமே வந்துது" என்றார் அவர். "வந்ததும் ஓடியாந்திருக்கணும். வரல. அங்கனயே நின்னேன். சத்தம் அடங்குன பெறவுதான் வந்தேன்."

ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே வந்து நின்றது. அதிலிருந்து யாரையோ இறக்கிக் கொண்டுபோனார்கள். வேல்விழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

"இத எங்க அண்ணன்கிட்டயும் சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன்" என்று எழுந்தார்.

வார்டில் பேச்சிராஜாவின் கட்டிலருகே நின்று, அவளிடம் சொன்னதை வார்த்தை குறையாமல் அவரிடமும் சொன்னார். நிர்மலாதேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீங்கி மூடிய கண்களோடு பேச்சிராஜா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு உதடும் தடித்திருந்ததால் பேச்சு குழறலாக வந்தது.

"நானும் உள்ள நுழையத்தான் பாத்தேன். அந்தச் சனியன் புடிச்ச ஜிப்பு சிக்கிட்டு. அதான் வெளிய நின்னேன். இல்லன்னா நான் எங்க நிக்கப்போறேன்?"

மகாராஜன் தலையாட்டினார். அவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. வேல்விழி அண்ணனைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் இட்லி வாங்கிக்கொண்டு அவள் வார்டுக்கு வந்தாள். நிர்மலாதேவியும் அபிஷாவும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பேச்சிராஜாவுக்கு ஒரு கண் பாதி திறந்திருந்தது. இட்லியைப் பிட்டு அவர் வாயில் கொடுத்தாள்.

"ஜிப்பு சிக்கலையே அண்ணே. நான் பக்கத்துலதான் கெடந்தேன்."

அவர் மென்று விழுங்கினார். "சட்னி காரமா இருக்கு. தண்ணி எடு."

எடுத்துக் கொடுத்தாள்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"அந்த ஆளு அப்பிடி நிக்கான், நான் என்ன சொல்ல? பேரைக் கெடுத்து அனுப்பவா?" பேச்சிராஜா சுவரில் சாய்ந்துகொண்டார். "இத்தன வருசமா நானும் ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரு குறை கண்டுபிடிச்சேன். இவன்கிட்ட நான் கண்டுபிடிக்கதுக்கு முன்னால அவனே வந்து சொல்லுதான். எனக்கு வேல இல்லாமப் போயிட்டு." இதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டார், "உனக்கு வேணுமா, வேண்டாமா?"

வேல்விழி அடுத்த இட்லியைப் பிட்டபடியே யோசித்தாள். "ஞாபகமே வரலன்னு சொன்னது கஷ்டமாத்தான் இருக்கு."

"இருக்கும்."

"ஆனாலும் வேணும்."

"சரி" என்றார் பேச்சிராஜா.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் சங்கரன்கோவில் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. கூட்டம் அதிகமில்லை. வேல்விழி வாசுதேவநல்லூருக்குக் குடிபோனாள். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போய் வந்தாள். ஆரம்பத்தில், சாப்பாடு போடும்போதோ துணி மடிக்கும்போதோ, மரங்களுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த அந்த முதுகு திடீரென்று மனதில் வந்து நிற்கும். அவள் கை அப்படியே நின்றுவிடும். மகாராஜனுக்கு அது என்னவென்று தெரியும். அவர் சமாதானம் எதுவும் சொல்லமாட்டார், எழுந்தும் போகமாட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வாள். வருடம் திரும்புவதற்குள் அது வருவது குறைந்தது. வேல்விழி இதை அபிஷாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். முழுவதுமாக நின்றுவிட்டதா என்று அபிஷா ஒருமுறை கேட்டாள். இல்லை என்றுதான் வேல்விழி சொன்னாள்.