இறங்கிப் போகும் வீட்டில் ஒரு மேல்மாடி அறை

தோன்யா சதுர்னினாவின் இரண்டு மாடி வீடு மாதத்துக்கு ஒரு தெரு வீதம் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் லா பாஸ் நகரத்தில் அதைவிடப் பெரிய பேச்சாக இருந்தது, அதன் மேல்மாடி அறைக்கு மாரிசெல் திக்கோனா கொடுத்துவந்த வாடகைதான்.

மண் பரிசோதனைப் பொறியாளர் வேலைக்காக ஒருரோ என்ற சுரங்க ஊரிலிருந்து வந்தபோது மாரிசெலுக்கு வயது இருபத்து மூன்று. அலுவலகத்தில் முதல் நாள் யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. எந்தப் பேட்டையில் குடியிருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். எங்கள் ஊரில் மேலே போகப் போகக் குளிர் ஏறும், கீழே இறங்க இறங்க வாடகை ஏறும். அடிவாரத்தில், கலகோட்டோ பேட்டையில் இருப்பவர்கள் கோட்டைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டபடி அலுவலகம் வருவார்கள், குளிர் என்றால் என்னவென்றே தெரியாத மாதிரி. முப்பது வயதுக்குள் கலகோட்டோவில் தனக்கென்று ஒரு ஜன்னல் வேண்டும் என்று மாரிசெல் அன்றே முடிவு செய்தாள். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அறை பார்த்தாள். கலகோட்டோவில் அவள் சம்பளத்துக்கு ஒரு பால்கனி கிடைத்தது, அறை இல்லாமல். நடுவில் இருந்த பேட்டைகளில் ஒன்றில் தண்ணீர் இல்லை. இன்னொன்றில், சுவர் உட்பட, தண்ணீர் மட்டுமே இருந்தது. பத்தாவது ஞாயிறு மலையுச்சியில், பாம்பஹாசியில், பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கை வைத்துச் சந்தையில் வியாபாரம் செய்யும், எல்லோரும் மரியாதையாகத் 'தோன்யா' என்று அழைக்கும் சதுர்னினாவின் கதவைத் தட்டினாள்.

"அறுநூறு பொலிவியானோ. அதுல ஒரு காசு குறையாது."

"குறைக்க வேணாம் தோன்யா. கொசுறு என்ன?"

"அறைக்கு ஏதுடி கொசுறு?"

"ரெண்டு கிலோ கிழங்குக்கே ஒரு பிடி அள்ளிப் போடுறீங்க. அறுநூறுக்கு வெறுங்கையோட போகச் சொல்றீங்களே, நியாயமா?"

கிழவி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கொடுத்துவிட்டு வருத்தப்படாத பொருள் ஒன்றும் கண்ணில் படவில்லை. அதனால் பொருளே இல்லாத ஒன்றைக் கொடுத்தாள்: "சரி கண்ணு, நீ இருக்குற வரைக்கும் வாடகைய ஏத்த மாட்டேன். போதுமா?" பாம்பஹாசியில் பதினோரு வருடமாக வாடகை ஏறியதில்லை. காற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த திருப்தியோடு அவள் பத்திரத்தில் கைநாட்டு வைத்தாள். மூன்றாம் வாரம் வீடு கிளம்பியது.

மாரிசெல் அளவுக்கருவியைக் கொண்டுவந்து ஒரு வாரம் சோதித்து, நிலம் அசையவில்லை, வீடு மட்டுமே அசைகிறது என்று அறிக்கை எழுதினாள். அலுவலகம் அதை ஏற்றுக் கோப்பில் வைத்தது. வீடு பழக்கிய பசு மாதிரி, மற்ற வீடுகளைச் சுற்றிக்கொண்டு, விளக்குக் கம்பங்களில் உரசாமல், குடித்துக்கொண்டிருக்கும் சூப் தளும்பாமல் இறங்கியது. மின்கட்டணச் சீட்டு கொண்டுவருபவர் மாதாமாதம் கதவைத் தட்டி முகவரியைப் புதிதாக எழுதிக்கொண்டு போனார். இரண்டாம் வருடம் மாரிசெல் போர்வைகளில் ஒன்றை மடித்து வைத்தாள். மூன்றாம் வருடம் அண்டை வீடுகளில் வாடகை இரண்டு மடங்கு என்று கேள்விப்பட்ட தோன்யா சதுர்னினாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாரிசெல் தானாகவே கிளம்பட்டும் என்று அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு சேவலைக் கட்டினாள். மாரிசெல் அதற்குப் பெயர் வைத்தாள். கிழவி கீழறையைத் திருவிழா வாத்தியக் குழுவுக்கு ஒத்திகைக்கு விட்டாள்; எட்டு மாதத்தில் மாரிசெல் அந்தக் குழுவில் பெரிய முரசு அடித்துக்கொண்டிருந்தாள்.

முப்பதாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஒரு பல் மருத்துவமனைக்கும் நாய்களுக்கு முடிவெட்டும் கடைக்கும் நடுவே, வீடு கலகோட்டோவில் வந்து நின்றது. மாரிசெல் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தாள். அன்று மாலையே கிழவி மாடியேறி வந்தாள்.

"கீழ ஒரு வெளிநாட்டான் நிக்கிறான். நாலாயிரம் தர்றானாம். மூட்டையக் கட்டு கண்ணு."

"கொசுறாப் போட்டதைத் திருப்பிக் கேக்குறவள எந்தச் சந்தையிலயாவது பாத்திருக்கீங்களா தோன்யா?"

தோன்யா சதுர்னினா படியில் உட்கார்ந்துவிட்டாள். கொசுறைத் திரும்ப வாங்கினாள் என்று பெயர் வந்தால் அவளிடம் ஈ கூடக் கிழங்கு வாங்காது. "நாசமாப் போறவளே," என்றாள், ஆனால் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் சொல்கிற மரியாதையோடு. பிறகு இருவருமே ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: வீடு இங்கேயே நிற்க வேண்டும். கிழவிக்குக் கீழறையை வெளிநாட்டானுக்கு விட வேண்டும். மாரிசெலுக்கு ஜன்னல் வேண்டும். நான்கு லாரிக் கல் வந்தது. எங்கெங்கே முட்டுக் கொடுப்பது என்று மாரிசெலே படம் வரைந்தாள். பதினோரு நாள் வீடு நின்றது. பிறந்தநாள் காலையில், நான்கு லாரிக் கல்லையும் பாவாடைபோலச் சுற்றிக்கொண்டு, என்றுமில்லாத வேகத்தில் மறுபடி கிளம்பியது.

மாரிசெல் பெட்டியோடு குதித்து இறங்கினாள். ஏழு வருடக் கனவை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. பல் மருத்துவமனை மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அறையின் உரிமையாளர், மெல்லிய சட்டை போட்ட மனிதர், வாடகை மூவாயிரத்து எண்ணூறு என்றார். அவள் சம்பளம் அதற்குள் அந்த அளவு வளர்ந்திருந்தது. பேனாவையும் எடுத்துவிட்டாள்.

"கொசுறு என்ன?"

"கொசுறுன்னா என்னம்மா?" என்றார் அவர், உண்மையாகவே தெரியாமல்.

மாரிசெல் பேனாவை மூடிவிட்டு ஓடினாள்; இரண்டாவது தெருமுனையில் வீட்டைப் பிடித்துவிட்டாள். கிழவி வாசலில் நின்று கையை நீட்டினாள். "சீக்கிரம் ஏறுடி, இன்னிக்கு இறக்கம் ஜாஸ்தி."

வீடு நகரத்தின் கடைசிப் பேட்டையான மய்யாசாவைத் தாண்டி, ஆற்றோரத் தோட்டங்களுக்குள் இறங்கியது. அலுவலகம் ஒரு வருடம் சிரித்தது. அடுத்த வருடம் சிரித்தவர்களில் மூன்று பேர் அங்கேயே மனை வாங்கினார்கள். வீடு தங்கிய ஒவ்வொரு பேட்டையிலும் மறு வருடமே விலை ஏறியிருப்பதை வீட்டுத் தரகர்கள் அப்போதுதான் கவனித்தார்கள். இப்போது அவர்கள் கையில் இறைச்சி அடைத்த சூடான சால்ட்டேன்யாப் பலகாரங்களோடு வீட்டின் பின்னால் மெதுவாகக் காரோட்டி வருகிறார்கள். அடுத்து எந்தப் பக்கம் என்று கேட்டால் கிழவி சால்ட்டேன்யாவை வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள். எங்கே குடியிருக்கிறாய் என்று யாராவது கேட்டால், மாரிசெல் காலையில் ஜன்னல் வழியே கடைசியாகப் பார்த்ததைச் சொல்கிறாள்.

வாடகை இன்னும் அறுநூறுதான். மாதம் பிறந்ததும் மாரிசெல் அதை எடுத்து வைக்கிறாள். கிழவி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வீடு கடந்துகொண்டிருக்கும் தோட்டத்திலிருந்து இரண்டு பீச் பழங்களைப் பறித்து, கொசுறு என்று அவள் கையில் வைக்கிறாள். யாருடைய மரம் என்று இருவரும் கேட்பதில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் மரம் மேலே போய்விடுகிறது.