கம்பிக்குக் கீழே நின்றவர்

தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு ஐந்து பெண்கள் வேண்டும். நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு அன்று காலை மிஞ்சியவர்கள் இருவர். இருவருமே ஒரே பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகள். ஒருத்தி பயிற்சியாளரின் மகள். மற்றவளை எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். சிட்டுவின் அம்மா தையல்காரர். கூடத்துப் பெண்கள் போட்டிக்கு அணியும் உடையெல்லாம் அவர் தைத்துக் கொடுத்ததுதான்.

"அஞ்சு பொண்ணுங்க போறாங்க, அவங்களைப் பாத்துக்க ஏழு அதிகாரிங்களாம்," என்றார் தையல்காரர், பார்வையாளர் பெஞ்சில் இடம்பிடித்தபடி. "அந்த ஏழு பேருக்குத் தேர்வு எதுவும் கிடையாதா மேடம்?"

"மெதுவா பேசுங்க. அதுல ஒருத்தர் உங்களுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கார்," என்று பயிற்சியாளர் சிரித்தார்.

பயிற்சியாளர் தினமும் பிரார்த்தனை செய்கிறவர். அன்று காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டார். இருப்பது ஓர் இடம். இப்படி வேண்டினால் கடவுளுக்குத்தான் சங்கடம் என்று தெரியும். இருந்தாலும் ஒருத்தியை விட்டுவிட்டு வேண்ட அவருக்கு வாய் வரவில்லை.

மற்றவையெல்லாம் முடிந்து கடைசியாக, உயரமும் தாழ்வுமான இரண்டு கம்பிகளில் ஆடும் கம்பி ஆட்டம். பயிற்சியாளரின் மகள் முதலில் ஆடினாள். சுத்தமான ஆட்டம், துணிச்சல் மட்டும் கொஞ்சம் குறைவு. சிட்டு தவறில்லாமல் முடித்தால் இடம் அவளுக்குத்தான் என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. மெத்தையின் ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளுக்கும் தெரிந்தது.

சிட்டுவின் ஆட்டத்தில் ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. உயரமான கம்பியை விட்டு, அதற்கு மேலாகப் பறந்து, மறுபக்கம் போய் அதையே பிடிக்க வேண்டும். அப்போது பயிற்சியாளர் கீழே நிற்கலாம். நிற்கலாமே தவிர, தொடக் கூடாது. கை பட்டால் ஒரு மதிப்பெண் போய்விடும். விழுந்தாலும் போவது அதே ஒரு மதிப்பெண்தான்.

சிட்டு பறந்தாள். அவளுடைய விரல்கள் கம்பியில் பட்டு வளைந்தன. அவை பிடித்தனவா, நழுவினவா என்று பயிற்சியாளரின் புத்தி தீர்மானிப்பதற்குள் கைகள் எழுந்துவிட்டன. ஒன்று பிள்ளையின் முதுகைத் தாங்கியது, மற்றது இடுப்பைத் தாங்கியது. சிட்டு கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். மிச்ச ஆட்டத்தையும் முடித்து, அசையாமல் தரையில் இறங்கி நின்றாள்.

ஒரு மதிப்பெண் போனது. அதோடு இடம் மகளுக்குப் போனது.

தேர்வுக் குழுவினர் எழுந்திருப்பதற்கு முன்பே தையல்காரர் செல்போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆட்டத்தை முழுக்கப் படம் பிடித்திருந்தார்.

"பாருங்க சார். கை கம்பியிலதான இருக்கு? அப்புறம் எதுக்குத் தொட்டாங்க?"

குழுத் தலைவர் படத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். விரல்களும் இருந்தன, பயிற்சியாளரின் கைகளும் இருந்தன. எது முந்தியது என்று அதில் தெரியவில்லை.

"தொட்டது தொட்டதுதாம்மா. ஏன் தொட்டாங்கன்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அவளுக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்க சார்," என்றார் பயிற்சியாளர். "கை என்னோடது. அதுக்கு அவ எப்படிப் பொறுப்பாவா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "உங்க பொண்ணுதானே போறா? வேற யாராவது இருந்தா இந்நேரம் சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு முடிச்சிருப்பாங்க. போங்க மேடம்."

மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அம்மா கேட்டதையும் கேட்டாள், தலைவர் சொன்ன பதிலையும் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

உடை மாற்றும் அறையில் சிட்டு தனியாக இருந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்த இடத்தைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் குழாயை மூடி, தன் கைக்குட்டையால் அந்தக் கையை ஒற்றி எடுத்தார்.

"எரியுதா?"

"இல்ல மிஸ்." உரிந்த இடத்தைப் பார்த்தபடியே, "கை நழுவிடுச்சு மிஸ்," என்றாள். "நீங்க பிடிக்கலேன்னா தலைகுப்புற வந்திருப்பேன். எனக்குத் தெரியும்."

பயிற்சியாளர் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். 

"அம்மாகிட்ட சொல்லும்மா. வெளிய நிக்கறாங்க."

"சொல்ல முடியாது மிஸ்."

"ஏன்?"

"அவங்க உங்களைத் திட்டுவாங்க, அழுவாங்க, அப்புறம் சாப்பிட்டுத் தூங்கிடுவாங்க. நானே விட்டேன்னு தெரிஞ்சா எதுவும் பேச மாட்டாங்க. பேசாம தைச்சிக்கிட்டே இருப்பாங்க. அதை என்னால பாக்க முடியாது." பிறகு தலையைக் குனிந்தபடியே, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ். அவகிட்டயும்," என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மகளுக்குத் தெரிந்தால் ஒரு வாரத்தில் ஏதாவது சண்டையில் சொல்லிவிடுவாள். பதினாறு வயது நாக்கு. நல்லவள்தான், ஆனால் பொறுக்க மாட்டாள்.

ஒரு பிள்ளை கேட்கக்கூடாததைக் கேட்கிறது என்று பயிற்சியாளருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும், பெற்றவளின் மனம் ஒடியாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிற பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"சரி," என்றார்.

தையல்காரர் வாசற்படியில் காத்திருந்தார்.

"நேரா சொல்லுங்க மேடம். எதுக்குத் தொட்டீங்க?"

"அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"அவசரமா? பெத்த பாசம்னு சொல்லுங்க. உங்க பொண்ணுக்கும் சேத்து நான்தானே தைச்சேன். அதுல ஒரு தையலாவது கோணலா இருந்துச்சா?"

சிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, போலாம்." போகும்போது திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அதை வாங்கி வைக்கத்தான் பயிற்சியாளருக்கு மனதில் இடமில்லை. ஏனென்றால் அங்கே படிக்கட்டின் கீழ் மகள் நின்றிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

பேருந்தில் பயிற்சியாளருக்கும் மகளுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வெகுதூரம் போன பிறகு மகள் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. அவ பிடிச்சிருந்தாளா, இல்லையா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகள் தன் இடத்தைத் தானே வென்றதாக நம்பிவிடுவாள். அந்தச் சொல் பயிற்சியாளரின் தொண்டைவரை வந்தது. 'ஆண்டவனே, இதை மட்டும் நீயே இவளிடம் சொல்லிவிடு' என்று வேண்டிக்கொண்டார். ஆண்டவன் சொல்லவில்லை. பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"எனக்குத் தெரியலடா."

"கீழ நின்னது நீங்க. உங்களுக்குத் தெரியலையா?"

"நீ நல்லா ஆடினே."

"நான் அதைக் கேக்கல." மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணு, எனக்காக அவளைத் தொட்டிருக்கீங்க. இல்லேன்னா, நான் போறது பிடிக்காமத்தான் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கேட்டீங்க. ரெண்டுல எதுன்னு கூடச் சொல்ல மாட்டேங்கிறீங்க."

அவளுடைய போன் அடித்தது. மாமா. செய்தி அதற்குள் எட்டியிருக்க வேண்டும். மகள் அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு அம்மாவின் மடியில் வைத்தாள்.

"நீங்களே பேசுங்க. வாழ்த்து உங்களுக்குத்தான்."

பயிற்சியாளர் எடுத்துக் காதில் வைத்தார்.

"ஆமாண்ணா," என்றார். "கிடைச்சிடுச்சு."