பன்னிரண்டு மார்க்கு

அறைந்தால் இரண்டு மார்க்கு. உதைத்தாலும் இரண்டு. கிள்ளினால், பிறாண்டினால் ஒன்று. கையில் கிடைத்ததை எடுத்து அடித்தால் மூன்று; ரத்தம் வந்தால் அதற்கு மேல் இரண்டு. ஒரு வாரத்தில் பன்னிரண்டு சேர்ந்துவிட்டால் அந்தப் பெரியவரோ பெரியம்மாவோ மூன்றாம் மாடிக்குப் போக வேண்டும். அங்கே கதவுக்குப் பூட்டு உண்டு. எங்கள் முதியோர் இல்லத்தில் இந்த மார்க்கைப் போடுகிற நர்ஸ் நான். பதினோரு வருடமாகப் போடுகிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'மார்க்கு சிஸ்டர்' என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். யாருக்காகவும் ஒரு மார்க்கைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை என்ற கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது.

முதல் மாடியில் தம்பதிகளுக்கென்று ஒரே ஓர் அறை. அதில் டிரைவர் ஐயாவும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஐயா நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது நினைவு கலைந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலால் பிரேக் போடுவார், குறுக்கே வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்த அம்மாவுக்கோ புத்தி படு தெளிவு. தபாலாபீஸ் கவுன்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். எதிரே நிற்பவர் எழுதுவதைத் தலைகீழாகவே படித்துப் பழகிய கண் அது. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று "சாப்டியாம்மா?" என்று கேட்டு முடிப்பதற்குள் என் தாளில் இருப்பதை எல்லாம் படித்துவிடுவார்.

ஐயா அடிப்பார். குளிப்பாட்டினால் அடிப்பார், சட்டையை மாற்றினால் அடிப்பார். அந்த அம்மாவுக்கும் விழுகிறது என்பது அவர் முழங்கையைப் பார்த்தாலே தெரியும். கேட்டால், "பாத்ரூம் கதவு இடிச்சிடுச்சும்மா" என்பார். அந்தக் கதவுக்கு மார்க்கு போட்டிருந்தால் அது என்றைக்கோ மூன்றாம் மாடிக்குப் போயிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஐயா டம்ளரை வீசினார். ஆயாவின் புருவம் கிழிந்து மூன்று தையல். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா வந்து நின்றார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"எட்டு இருந்துச்சு. டம்ளருக்கு மூணு, பதினொண்ணு ஆச்சு. ரத்தத்துக்குப் போடாதம்மா."

"ரத்தம் வந்துச்சேம்மா."

"வந்துச்சு. யாரு இல்லேன்னா? நான் பக்கத்துல உக்காந்தாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். மேல யாரும்மா அவருக்கு ஊட்டுவா?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான். உங்களுக்கு ஒண்ணு, அடுத்தவங்களுக்கு ஒண்ணுன்னு என்னால எழுத முடியாது."

பதின்மூன்று என்று எழுதி அடியில் கோடு போட்டேன். அதையும் அவர் தலைகீழாகப் படித்தார். அந்தக் கோட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் மாடியில் உறவினர் பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான். இரண்டு ஞாயிறு போய் வந்தார். இரண்டாவது தடவை இறங்கி வரும்போது ஐயாவின் பேன்ட் ஒன்று கையில் இருந்தது. இடுப்பைப் பிடிக்க வேண்டும், நழுவுகிறது என்றார். இரண்டு வாரத்தில் இடுப்பு நழுவுகிற அளவுக்கு ஒரு மனிதன் இளைத்திருக்கிறான். நான் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

மறுநாள் திங்கட்கிழமை, ஆயா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சிஸ்டர், போஸ்டாபீஸ் அம்மா என்னை அறைஞ்சுட்டாங்க. அறையறதுக்கு முன்னாடி 'மன்னிச்சுக்கோடி'ன்னு காதுல சொன்னாங்க. மன்னிப்புக் கேட்டுட்டு அடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

இரண்டு. செவ்வாய்க்கிழமை ஓர் அறை, ஒரு கிள்ளு, ஐந்து ஆனது. வியாழக்கிழமை மேலாளர் நலம் விசாரிக்க வந்தபோது அந்த அம்மா செய்தித்தாளைச் சுருட்டி அவர் தலையில் ஒன்று வைத்தார். பொருளால் அடித்தது, மூன்று. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினோம். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அன்றுதான். வெள்ளிக்கிழமை சமையல்காரருக்கு ஓர் உதை. பத்து.

அந்த அம்மா எதற்காக மார்க்கு சேர்க்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தாளில் இரண்டு இடம் உண்டு. ஒன்று, 'அதற்கு முன் நடந்தது என்ன?' இன்னொன்று, 'அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா?' அறிந்து என்று குறித்தால் இல்லத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மகனுக்குக் கடிதம் போகும், வந்து கூட்டிக்கொண்டு போ என்று. மகன் இருப்பது வேறு ஊரில். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமும் கிடையாது. முதல் இடத்தில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். இரண்டாவதில் 'அறியாமல்' என்று குறித்தேன். பதினோரு வருடத்தில் என் முதல் பொய். நல்லது செய்கிறோம் என்று மனசுக்குள் பூரிப்பு வேறு.

சனிக்கிழமை மதியம் என் அறைக்கு வந்தார்.

"பத்து ஆயிருக்கு, இல்ல?"

"ஆமாம்மா."

"எந்திரி."

எழுந்தேன். விட்டார் ஓர் அறை. காது குய்யென்றது.

"மத்தவங்ககிட்ட எல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டு அடிச்சேன்" என்றார். "உன்கிட்ட கேக்கல."

அவர் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். அறைதல், இரண்டு. காரணம் தெரியவில்லை. கன்னம் எரிந்தது. வேண்டும் எனக்கு என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவரை மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். தலைவாரி, பவுடர் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்தே தயாராக உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை ஐயா முழுத் தட்டையும் காலி செய்தார் என்று மேல்மாடி ஆயா வந்து சொன்னாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். மூன்றாம் மாடித் தாள்களில் அவர் இரண்டே இரண்டைப் பார்ப்பார்: மொத்தம் எத்தனை, அறிந்தா அறியாமலா. பன்னிரண்டு, அறியாமல் என்றால் ஆளை மயக்கிப் போடுகிற மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஐயாவுக்கும் அதுதான் எழுதியிருந்தார். இது எனக்குத் தெரியாத விஷயமா? பதினோரு வருடமாகத் தெரியும். ஆனால் நான் மார்க்கு போடுகிறவள். பன்னிரண்டு வரைக்கும்தான் என் வேலை. அதற்கு அப்புறம் என்ன என்று யோசித்துப் பழக்கமே இல்லை. பாவி, அந்த வாரம் முழுக்க அந்த அம்மாவோடு சேர்ந்து நானும் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, மாத்திரை என்ற ஒன்று என் நினைவுக்கே வரவில்லை.

"சார், அவங்களுக்கு மாத்திரை வேண்டாம்" என்றேன். "அவங்க நல்லாத்தான் இருக்காங்க."

டாக்டர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "அறியாமல்னு போட்டிருக்கீங்க. உங்க கையெழுத்துதானே? இது தப்புன்னா சொல்லுங்க. அப்ப நீங்க எழுதின மத்த தாளையும் எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும்."

உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவை மகன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி என் வேலை, என் பெயர், என் பதினோரு வருடம்.

"எழுதினது சரிதான் சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் மறு மதிப்பீட்டுக்காக மேலே போனேன். ஜன்னல் ஓரம் இரண்டு நாற்காலி, பக்கம் பக்கமாக. அந்த அம்மா கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது. ஐயா வெறுமனே எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்; கால் பிரேக்கைத் தேடவில்லை. அந்த அம்மாவின் தலை மார்பில் தொங்கியது, வாயோரம் எச்சில். சோற்றுத் தட்டு மடியில் அப்படியே இருந்தது. யாரும் யாருக்கும் ஊட்டவில்லை.

என் தாளை அவர் கண்ணுக்கு எதிரே, தலைகீழாகத் தெரிகிற மாதிரி பிடித்தேன். பார்க்கவில்லை. "அம்மா, சாப்டீங்களா?" என்றேன். இமை பாதி திறந்து மூடிக்கொண்டது.

அப்போது ஐயாவின் கை எழுந்தது. மெதுவாக வந்து மனைவியின் கன்னத்தில் ஒரு தட்டு தட்டியது. பிறகு இன்னொன்று.

"பாத்தீங்களா சிஸ்டர், பொண்டாட்டிய அடிக்கிறாரு" என்றாள் மேல்மாடி ஆயா. "ரெண்டு தடவை. எழுதிக்குங்க, நாலு."

"அடிக்கலடி. எழுப்புறாரு."

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

எழுப்புவதற்குத் தாளில் இடம் இல்லை. இருவருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டுக் கீழே வந்தேன்.

மேலாளர் இரண்டு தாளையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பேருமே பூஜ்யமா? என் தலையில அடிச்ச கையா இது! உங்க மார்க்கு என்னைக்கும் தப்பாது, சிஸ்டர்."

"ஆமாம் சார்" என்றேன்.