ஏழு பழுப்புத் தட்டுகள்

கல்யாணப் பரிசுப் பட்டியலை யார் வைத்திருப்பது என்ற பேச்சே எழவில்லை. ஃப்ளெமிங்கின் அக்கா பிர்கிட் இருக்கும்போது வேறு யாரிடம் கொடுக்க முடியும்? விருந்தாளிகள் அவளுக்குப் போன் செய்வார்கள். யார் எதை வாங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு அந்த வரியை அவள் அடித்துவிடுவாள். ஒரே பூச்சாடி மூன்று வந்து சேராது.

ஃப்ளெமிங்குக்கும் லோனெவுக்கும் கல்யாணம் நடக்க ஒன்பது வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோடு போட்ட நோட்டும் இரண்டு நிறப் பேனாக்களுமாக அவள் ஃபோபோர் ஊரில் இருந்த தம்பி வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள்.

"மொத்தம் நாப்பத்திரெண்டு பேரு. கொறஞ்சது முப்பது பொருளாவது வேணும். சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாம்னு போடுக்கா" என்றான் ஃப்ளெமிங். "எனக்கு வயசு அம்பத்திமூணு. வீட்ல எல்லாம் இருக்கு."

"ஒண்ணும் வேண்டாம்னு போட்டா என்ன வரும் தெரியுமா? முப்பது பாட்டில் ஒயினும் பன்னெண்டு மெழுகுவர்த்தித் தாங்கியும் வரும். வெறுங்கையோட எவன்டா வருவான்?"

லோனெ காப்பியை ஊற்றினாள். அவன் சொன்னது உண்மைதான். கரண்டியிலிருந்து கட்டில் வரை அந்த வீட்டில் எல்லாமே இருந்தன. எல்லாம் ஃப்ளெமிங்கின் முதல் மனைவி இங்கர் பார்த்துப் பார்த்து வாங்கியவை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவனைப் பிரிந்து போனபோது இங்கர் நாயை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு வருடம் முன்பு லோனெ ஓடென்ஸே நகரத்திலிருந்து வந்து இறங்கியபோது, அவளுடைய பதினோரு பெட்டிகளுக்கு வீட்டில் இடமில்லை. ஃப்ளெமிங் தோட்டத்துக் கொட்டகையில் ஈரம் ஏறாதபடி தரையில் பலகை அடித்து, பெட்டிகளை ஒழுங்காக அடுக்கி வைத்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

லோனெ குறை சொல்லவும் இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் இங்கர் வாங்கிய நீலக் கரை போட்ட தட்டின் முன்னால் உட்காரும்போது, யார் வீட்டிலோ விருந்து சாப்பிடுவது போல இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் நன்றி சொல்லிவிட்டு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் போல இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இது சின்னப்பிள்ளைத்தனமோ என்று தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்தாள். பல் மருத்துவமனையில் ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி, ஈறு அழுகுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்பவள் அவள். இந்தச் சமையலறையில் அவளுடைய வாய்தான் திறக்கவில்லை.

பெட்டிகளில் ஒன்றில் ஐந்து பழுப்புத் தட்டுகள் இருந்தன. பதினாலு வயதில், தேவாலயத்தில் திடப்படுத்தல் ஆராதனை நடந்தபோது, மற்றப் பெண்களைப் போல அவளும் பிற்காலக் குடித்தனத்துக்காகச் சேர்த்து வைக்கத் தனக்குப் பிடித்த தட்டு வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அன்றைக்கு அத்தைமார் இரண்டு கொடுத்தார்கள். பிறகு பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று சேர்ந்தன. ஐந்தாவதோடு அந்த மண்பாண்டத் தொழிற்சாலை மூடப்பட்டது. பழைய சாமான் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும். இன்னும் ஏழு கிடைத்தால் பன்னிரண்டு ஆகிவிடும். அந்த ஏழு தட்டையும் பட்டியலில் கேட்பது என்று ஒரு வாரமாக முடிவு செய்து வைத்திருந்தாள். 'எனக்கு என் தட்டில் சாப்பிட வேண்டும்.' இவ்வளவுதான் வாக்கியம். சைக்கிளில் போகும்போது சொல்லிப் பார்த்தாள். புகார் மாதிரி ஒலிக்கிறதோ என்று தோன்றியது. மாற்றினாள். பிறகு பழையதே பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

பிர்கிட் விடுவதாக இல்லை. "எங்க ஆபீஸ்ல ஒரு ஜோடி. உங்கள மாதிரிதான், ரெண்டு பேர்கிட்டயும் எல்லாம் இருந்துச்சு. வர்றவங்க ஆளுக்கொரு பழமரம் தரணும்னு கேட்டாங்க. இப்போ தோட்டத்துல நடக்க எடமில்ல. நம்ம சொந்தத்துல இன்னொருத்தி, பரிசா மாசத்துக்கு ஒருத்தர் வீட்ல சாப்பாடுன்னு கேட்டா."

"அது நல்லாருக்கே" என்றான் ஃப்ளெமிங்.

"நல்லாத்தான் இருந்துச்சு, உல்லா அத்தை முறை வர்ற வரைக்கும். அந்த ஈரல் பொரியலத் தின்னுட்டு ரெண்டு நாள் லீவு போட்டா." பிர்கிட் பேனாவை லோனெ பக்கம் திருப்பினாள். "நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

இதுதான் அந்தச் சமயம். லோனெ காப்பிக் குவளையை மேசையில் வைத்தாள்.

"எனக்கும் ஒண்ணும் தோணலக்கா" என்றாள்.

சொன்ன மறுநொடியே காது சுட்டது. பிர்கிட் அதற்குள் 'துண்டு, பெரியது, ஆறு' என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். ஃப்ளெமிங் திடீரென்று எழுந்துபோய் அலமாரியைத் திறந்தான்.

"இரு, இரு. எனக்கு ஒண்ணு தோணுது." தட்டுகளை விரலால் தொட்டு எண்ணினான். "பத்துதான் இருக்கு. ரெண்டு எப்பவோ உடைஞ்சுது. இதே நீலக் கரை இன்னமும் கடைல கிடைக்குது. ரெண்டு கேட்டா பன்னெண்டு ஆயிடும். நல்லாருக்கும்ல, லோனெ?"

அவளுக்காக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது கஷ்டமாக இருந்தது. பிர்கிட் எழுதினாள்: 'தட்டு, நீலக் கரை, இரண்டு.'

"அத அடிச்சிடுங்கக்கா" என்றாள் லோனெ.

"ஏன், கிண்ணமாப் போடட்டுமா?"

"இல்ல. எனக்கு அந்தத் தட்டு வேண்டாம். புதுசா ரெண்டும் வேண்டாம், இருக்கற பத்தும் வேண்டாம்."

ஃப்ளெமிங் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "விரிசல் விட்டிருக்கா என்ன?"

"விரிசலெல்லாம் இல்ல, நல்ல தட்டுதான். ஆனா அது இங்கர் வாங்கினது. இங்க எல்லாமே அவங்க வாங்கினது. ரெண்டு வருஷமா நான் விருந்துக்கு வந்தவ மாதிரி சாப்பிட்டுட்டிருக்கேன். கல்யாணம் ஆனப்புறமும் அப்படியே இருந்துடுவேனோன்னு பயமா இருக்கு." அவள் நிறுத்தினாள். "எனக்கு என் தட்டுல சாப்பிடணும்."

"நீ ஒரு நாளும் சொல்லலையே."

"நீயும் கேக்கல."

"கேட்டேனே! பெட்டியெல்லாம் கொட்டகைல வெக்கட்டுமான்னு கேட்டேன். சரின்ன."

"பலகையெல்லாம் அடிச்சு முடிச்சிட்டுக் கேட்ட."

ஃப்ளெமிங் தட்டை வைத்துவிட்டு, தோட்டக் கதவைத் திறந்து வெளியே போனான்.

"நான் இன்னிக்குச் சொல்லிருக்கக் கூடாதோ" என்றாள் லோனெ.

"கோவம் வந்தா கதவ அறைஞ்சு சாத்துவான். தொறந்தே போட்டுட்டுப் போயிருக்கான், பாரு."

சிறிது நேரத்தில் அவன் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான். "இதுவா?"

"இல்ல. அது சமையல் புத்தகம்."

மறுபடியும் போனான். "இது?"

"திரைச்சீலை."

மூன்றாவது பெட்டியைப் பிரித்தபோது செய்தித்தாளில் சுற்றிய தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். ஐந்தாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இத நான் பாத்திருக்கேன். அசிங்கமா இருக்குன்னு நீயே உள்ள எடுத்துட்டு வரலன்னு நெனச்சேன்."

"அசிங்கமாவா?"

"இல்ல... மழைக்கு அப்புறம் மாட்டுக் கொட்டில் இருக்குமே, அந்தக் கலரு..."

"டேய், வாய மூடு" என்றாள் பிர்கிட். லோனெவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள்.

பிர்கிட்டுக்கு வேறு கவலை இருந்தது. "பழைய சாமான யாராவது கல்யாணப் பரிசாக் கேப்பாங்களா? பிடிக்கலன்னா கடைல மாத்திக்கற சீட்டு யாரு ஒட்டித் தருவா?" சீட்டு ஒட்டாத பரிசு பிர்கிட்டின் கணக்கில் பரிசே இல்லை.

"நான் மாத்த மாட்டேங்கா."

பிர்கிட் நீலத் தட்டு வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'பழுப்புத் தட்டு, ஏழு, பழசு.' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். யோசித்து, அதையும் அடித்தாள்.

"ஏழு பேர் நம்ம ஃப்யூன் தீவு பூரா பழைய கடையா ஏறி எறங்கப் போறாங்க. பழைய கடைன்னா உல்லா அத்தைக்குக் கொண்டாட்டம்தான்."

ஃப்ளெமிங் அலமாரியிலிருந்து நீலத் தட்டுகளை இறக்கினான். கையில் அடுக்கோடு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். லோனெ உதவிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டகைல எடம் காலியாத்தான இருக்கு" என்றாள் பிர்கிட்.

"இருக்கு. பலகையும் இருக்கு" என்றான் அவன். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னான். ஆனாலும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

பழுப்புத் தட்டுகள் அலமாரிக்குள் சரியாக அடங்கவில்லை. விளிம்பு முட்டி, கதவு இரண்டு விரல் அளவு திறந்தே நின்றது. அவன் கதவை இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். பிறகு திருப்புளியை எடுத்துவந்து கீலைக் கழற்றி, கதவைச் சுவரோடு சாய்த்து வைத்தான். "இது இல்லாமலே இருக்கட்டும்."

மத்தியானம் கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மூன்று பேர், ஐந்து தட்டு. லோனெ தன் தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"மிச்சப் பெட்டியில என்ன இருக்கு?" என்று கேட்டான் ஃப்ளெமிங்.

"பெருசா ஒண்ணும்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "ஒரு வெளக்கு இருக்கு. மேசைக்கு மேல தொங்கவிடறது."

அவன் நிமிர்ந்து, மேசைக்கு மேலே தொங்கிய விளக்கைப் பார்த்தான். பழுது எதுவும் இல்லாத நல்ல விளக்கு. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"ஏணி எடுத்துட்டு வரேன்."

"மொதல்ல சாப்பிடு" என்று லோனெ அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தாள். "வெளக்கு எங்க ஓடிடப் போகுது."