பின்சக்கரத்தில் ஆறு வயது

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, லாரியின் வலப்பக்கப் பின்சக்கரத்தில் கைவைத்துக்கொண்டிருந்த லாரிக்காரரின் மனைவிக்கு நான்கு வயது குறைந்தது. இடப்பக்கச் சக்கரத்தைப் பிடித்திருந்த லாரிக்காரருக்கு அதே நான்கு வயது கூடியது. பதினொன்றே காலுக்கு இருவரும் டீ குடித்தார்கள்.

லாரியை வீட்டு முற்றத்தில் பிரித்துப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஆயிலை அடைத்துவைக்கும் ஆக்சில் சீல்கள் தேய்ந்து, ஆயில் கசிந்து பிரேக்கில் இறங்கியிருந்தது. பட்டறையில் விட்டால் நாள் முழுக்க அங்கேயே கிடக்க வேண்டும்; அவருக்கோ மனைவியை விட்டு நகர மனமில்லை. அவளுக்கு ஐம்பத்தொரு வயது. நாற்பத்தாறில் தொடங்கிய இதய நோய் முற்றிவிட்டது, இனி ஒரு வருடம் போனால் பெரிசு என்று டாக்டர் போன மாதம்தான் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு வந்த லாரிக்காரர் அன்று முழுக்க நன்றாக இருந்த டயர்களுக்கே திரும்பத் திரும்பக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு. கல்யாணமாகி முப்பது வருடத்தில் வீட்டில் தங்கிய நாட்களைச் சேர்த்துப் போட்டாலும் மூன்று வருடம் தேறாது.

வேலையை இருவருமாகத்தான் செய்தார்கள். லாரியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியைத் திறந்து, கருத்த ஆயிலை வடித்தார். அதிலிருந்து சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில் தண்டுகள் இரண்டையும் உருவினார். இருபது வருடமாக ஒரே பக்கம் முறுக்குப்பட்ட தண்டு அந்தப் பக்கத்துக்கே பழகியிருக்கும். பக்கம் மாற்றிப் போட்டால் எதிர்முறுக்கில் ஒடியும். அதனால் சாக்பீஸில் ‘இடது’, ‘வலது’ என்று எழுதிவைத்தார். மனைவியோ மகா சுத்தக்காரி. அவர் புதுச் சீல்களைக் கட்டை வைத்துத் தட்டி இறக்கி முடிப்பதற்குள், தண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்தையும் சேர்த்துத் துடைத்து, பளபளவென்று சுவரோரம் சாத்திவிட்டாள். எது எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் யோசிக்காமல் கைகாட்டினாள். அவள் கைகாட்டியதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

மாட்டியபின், கியரில் போட்டுவைத்து ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்றும். எல்லா லாரியிலும் அப்படித்தான். பக்கம் மாறிய இந்தத் தண்டுகள் ஒடியவில்லை. சக்கரத்தோடு அதைப் பிடித்திருந்தவரின் வயதையும் சேர்த்துச் சுற்றின, சுற்றுக்கு ஒரு வருடம்: முன்னால் சுற்றிய பக்கம் கூடும், பின்னால் சுற்றிய பக்கம் குறையும். செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்த்தது நான்கு சுற்று. அன்று மாலை அவள் தண்ணீர் வாளியுடன் மூச்சு வாங்காமல் மாடியேறினாள். அவருக்கு மீசை நரைத்து, முழங்கால் பிடித்துக்கொண்டது. விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

“உள்ள ஏதோ சத்தம் வருது, இன்னொரு தடவை கை வச்சுப் பாரு” என்பார் தினமும். தினமும் ஒரு சுற்று. அவளுக்கு உடம்பு தேறிய சந்தோஷத்தில் எதுவும் தோன்றவில்லை. ஒன்பதாம் நாள், பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, லாரிக்காரருக்கு இனிமேல் சட்டையின் தோள் அளவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். அப்போதுதான் அவள் புருஷனை நின்று பார்த்தாள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் ஸ்பானரைத் தூக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். முப்பத்தொன்பது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா நீ விட்டிருப்பியா?”

“உங்களையும் அனுப்பிட்டு, இந்த லாரியக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது?”

அவள் போய்த் தன் பக்கத்துச் சக்கரத்தை முன்னோக்கி இழுத்தாள். அவர் விடாமல் தன் பக்கத்தில் தொங்கினார். முப்பத்தொன்பதுக்கு முன்னால் எழுபது எத்தனை நேரம் தாங்கும்? ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. நிமிர நிமிரப் பிடியும் பலத்தது. ஆறாவது சுற்றில் சக்கரம் அசையாமல் நின்றது. அவளுக்கு நாற்பத்தைந்து, அவருக்கு அறுபத்து நான்கு. இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. அவர் அழுதார்.

“இதோட விடு. இதுக்கு மேல திருப்பினா உனக்கு மறுபடி நோவு வந்துரும்.”

“எப்படியும் அடுத்த வருஷம் வரும். இருந்தாலும் டாக்டர் கணக்குப்படி ஐம்பத்திரண்டு வரைக்கும் ஏழு வருஷம் இருக்கு. போதுங்க. ஆனா அந்த ஏழையும் என் கூடவே இருக்கணும்.”

அவர் சம்மதித்தார். அன்றே தண்டுகளை உருவிப் பக்கம் மாற்றி மாட்டினார்கள், அவள் பெயின்ட்டால் அடையாளம் வைத்தாள். புது ஆயில் ஊற்றி, அடைப்பை இறுக்கினார்கள். சீல்களில் ஒரு சொட்டுக் கசியவில்லை. டாக்டர் இருவரையும் பரிசோதித்து, பழைய சீட்டில் வயதை மட்டும் அடித்துத் திருத்தினார்.

அடுத்த வாரத்திலிருந்து லாரி எங்கே போனாலும் அவளும் போனாள். துணி மூட்டை, ஸ்டவ், தலையணை எல்லாம் கேபினுக்குள் ஏறின. ஒருநாள் எடைமேடையில் சீட்டு எழுதுபவர் எட்டிப் பார்த்து, “மகளா பெரியவரே?” என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“பொண்டாட்டி. என் வயசுல ஆறு இப்ப அவர்கிட்ட இருக்கு.”

எடைமேடைக்காரர் அவரை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தார். “அப்ப அவரை மெதுவா ஓட்டச் சொல்லும்மா” என்று சீட்டை அவள் கையில் கொடுத்து அனுப்பினார்.