பெயர் எழுதாத சவரக்கத்தி

"தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றார் நெக்குலாய் சித்தப்பா.

ஒலேசியா அப்பாவின் பின்னந்தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் காடாக வளர்ந்திருந்த தாடி முழுக்கச் சோப்பு நுரை. நுரைக்கு மேலே மஞ்சள் பூத்த நெற்றியும் மூடிய கண்களும். ஏதோ குறும்பு பண்ணிவிட்டு, யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்று மூச்சை அடக்கிக் கிடப்பவரைப் போலத்தான் அப்பா இருந்தார்.

தலைநகர் கிஷினாவிலிருந்து வரும்போதே அவள் கையுறைகள் வாங்கி வந்திருந்தாள். சித்தப்பா அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கூடப் பொறந்தவனைத் தொடுறதுக்குக் கையுறையா? உன் படிப்பையெல்லாம் பட்டணத்துலயே வெச்சுட்டு வரணும், பொண்ணே."

கூடப் பிறந்தவனாம். ஒலேசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் கல்யாணமோ சாவோ, மேஜைக்கு ஒரே கண்ணாடிக் கோப்பைதான். ஜாடி பிடிப்பவர் ஒயினை ஊற்றித் தருவார், ஒருவர் குடித்துவிட்டுத் திருப்பித் தருவார், அதே கோப்பை அடுத்தவருக்குப் போகும். எந்த வீட்டு விசேஷமானாலும் ஜாடி பிடிப்பவர் அவளுடைய அப்பா ஹரிட்டோன்தான். அவருக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்ததும் ஊர் அதற்குக் காமாலை என்று பெயர் வைத்தது, ஜாடியை அவர் கையிலிருந்து வாங்கியது, மேஜைக் கோடியில் உட்கார வைத்தது. ஒரு வாய் ஒயின்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்னது வேறு விஷயம். கோப்பை அவரைத் தாண்டிப் போனது வேறு விஷயம். "நான் குடிச்சா உங்களுக்குப் பத்தாதுடா" என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தார் மனிதர். இந்தக் கூடப்பிறந்தவர் அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்குச் சொந்தக் கோப்பையோடு வர ஆரம்பித்தார். அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்திருப்பார்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது அண்ணனின் பழைய சவரக்கத்தியால், வெறும் கையோடு, நாடிக்குழியைச் சுற்றி வழித்துக்கொண்டிருந்தார். துடைக்கும்போது கத்தி அவருடைய கட்டைவிரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

வழித்து முடிக்கும் நேரத்தில் தம்பி டோரின் வந்து சேர்ந்தான். பட்டாளத்தில் சேர்ந்து ஒரு பனிக்காலம்கூட முடியவில்லை. மறுநாள் சவப்பெட்டி தூக்க அதே படைப்பிரிவுப் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தான். ஒருவன் விதாலி, வாய் ஓயாதவன். இன்னொருவன் ஆக்ஸெந்தி, வாயே திறக்காதவன். இரவு முழுக்கப் பயணம், மூன்று பேர் கன்னத்திலும் முள் முளைத்திருந்தது. டோரின் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டீங்களே சித்தப்பா" என்றான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செத்தவருக்குச் சவரம் செய்தவருக்கே அந்தக் கத்தியும் சோப்பும் துண்டும் போய்ச் சேரும். அதுதான் வழக்கம். சித்தப்பாவுக்கு அன்று தாராள மனசு. "மொதல்ல நீ வழிச்சுக்கோ. பட்டாளத்து உடுப்புல அப்பனைத் தூக்கப் போறே, மொழுமொழுன்னு இருக்க வேண்டாமா? அப்புறம் நான் எடுத்துக்கறேன்." கத்தியை டோரினிடம் நீட்டினார். மீசை அரும்பிய நாளிலிருந்து அவனும் வழித்துப் பழகிய கத்தி. அவன் கை நீண்டது, பாதியில் நின்றது.

ஒலேசியா பாய்ந்து பிடுங்கி, அடுப்புக் கதவைத் திறந்து நெருப்பில் போட்டாள்.

"அது என் பங்கு" என்றார் சித்தப்பா, வாயைப் பிளந்தபடி.

"ரெண்டு வருஷமா கோப்பைக்குப் பயந்தீங்களே சித்தப்பா. அது கோப்பைல வராது. தட்டுல வராது, கட்டிப் பிடிச்சா வராது. ரத்தத்துல வரும். இந்தக் கத்தில வரும். உங்க விரல்ல இருக்கு பாருங்க, அதுல வரும்."

அப்போது விதாலி உற்சாகமாக உள்ளே புகுந்தான். அவர்களுக்கும் பட்டாளத்து டாக்டர் இதையே பாடம் எடுத்தாராம். படமெல்லாம் போட்டுக் காட்டினாராம். வகுப்பு முடிந்த அன்றைக்கே படைப்பிரிவு மொத்தமும் ஆணியால் அவரவர் கரண்டியில் பெயரைச் செதுக்கிவிட்டதாம், யாரும் யார் கரண்டியையும் தொடுவதில்லையாம்.

"சவரக்கத்தி?" என்று கேட்டாள் ஒலேசியா.

"எல்லாரோடதும் காணாமப்போச்சு, அக்கா. குழாய்கிட்ட ஒண்ணு தொங்கும். நல்ல கத்தி. மொத்தப் பேருக்கும் அதான்."

"அதுல பேரு?"

"எத்தனை பேரைச் செதுக்கறது, கைப்பிடி பத்தாதே" என்றான் விதாலி. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஆக்ஸெந்தி தன் கன்னத்தை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஒலேசியாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சாவு வீடு என்று அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சமையலறையில் முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிக்கொண்டிருந்த அம்மா ரயீசா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் சோற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இவர் இருந்திருந்தால் ஊரெல்லாம் இதைச் சொல்லியே பொழுதைப் போக்கியிருப்பார் என்றாள்.

டோரின் மட்டும் சிரிக்கவில்லை. விறகு பிளக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான். பட்டாளத்தில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்த அன்றைக்கு அவன் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நழுவியதை விதாலிதான் உளறினான்.

அப்பாவுக்கு நோய் என்று தெரிந்த வாரமே அம்மாவும் அவளும் சோதித்துக்கொண்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்கள். இவன்தான் திராட்சை பறிக்கப் போகணும், காலில் சுளுக்கு, அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தான். தலைநகரில் பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம், சொந்தத் தம்பியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கையை நீட்ட வைக்க முடியவில்லையே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம். நாளை மறுநாள் காலை பஸ்ஸில் போய்விடுவான். அதற்குள் நடக்க வேண்டும்.

விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பஸ்ஸுக்கு முன்னாடி நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நீ என்ன கேப்டனா?" என்று கோடரியை ஓங்கினான்.

"டோரின்."

கோடரி மரத்தில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்தபடியே பேசினான். "இருந்துச்சுன்னா தனிக் கட்டில் போடுவாங்கக்கா. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இப்பத்தான் லாரி ஓட்டக் குடுத்திருக்காங்க. தெரியாம இருந்தா ஓட்டிக்கிட்டே இருப்பேன்ல?"

"அப்பாவும் தெரியாமத்தான் ஓட்டினாரு. தெரிஞ்சப்போ ஈரல்ல ஒண்ணும் மிச்சமில்ல. இப்பவே தெரிஞ்சா மருந்து இருக்கு. உனக்கு இல்லன்னா ஊசியோட முடிஞ்சுது."

அவன் கோடரியை விடுவித்து அடுத்த கட்டையை எடுத்தான்.

மறுநாள் அடக்கம் நல்லபடியாக நடந்தது. வழியில் விதாலியின் தொப்பி காற்றில் பறந்து, ஊர் வழக்கப்படி மூடாமல் தூக்கிப் போன சவப்பெட்டிக்குள் விழுந்தது. அழுதுகொண்டிருந்த பெண்களே சிரித்துவிட்டார்கள். பாதிரியார் தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினார்.

திரும்பி வந்து எல்லாரும் சாவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அம்மா ஜாடியையும் வீட்டுக் கோப்பையையும் டோரின் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் பெண்களின் கைப்பைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் டம்ளர்கள் வெளியே வந்தன. ஒலேசியா பல்லைக் கடித்தாள்.

ஜாடி பிடிப்பவர்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். டோரின் ஊற்றினான், செத்தவருக்காக இரண்டு சொட்டைத் தரையில் விட்டான், கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்றான். கோப்பையை உதடுவரை கொண்டுபோனான். பிறகு குடிக்காமல் விதாலியிடம் நீட்டினான்.

"நான் குடிச்சா உங்களுக்குப் பத்தாது."

அப்படியே ஹரிட்டோன், அச்சு அசல் ஹரிட்டோன் என்று மேஜை முழுக்கச் சிரித்தது. ஒலேசியாவுக்கு மட்டும் புரிந்தது. கோப்பை தன்னைத் தாண்டிப் போகட்டும் என்று இவன் தானாகவே முடிவு கட்டிவிட்டான். ஊர் அப்பாவுக்குச் செய்ததை இவன் தனக்கே செய்துகொள்கிறான்.

அவள் எழுந்து விதாலியிடமிருந்து கோப்பையை வாங்கித் தம்பி கையில் திணித்தாள்.

"பாதியைக் குடி. மீதியை என்கிட்ட குடு."

அவன் அவளையே பார்த்தான். குடித்தான். அவன் உதடு பட்ட இடத்திலேயே வாய் வைத்து அவள் மிச்சத்தைக் குடித்தாள். அவளுக்கு ஊசி போட்டிருந்தது. போடாவிட்டாலும் குடித்திருப்பாள்.

அடுத்து விதாலி குடித்தான். ஆக்ஸெந்தி குடித்தான். பாதிரியார் மீசையைத் துடைத்துக்கொண்டு குடித்தார். டம்ளர்கள் வந்த வழியே கைப்பைகளுக்குள் போயின. சிலர் டம்ளரை உள்ளே வைக்கவில்லை, அவர்களை யார் என்ன செய்வது? கோப்பை சித்தப்பாவிடம் வந்தபோது அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "இன்னொண்ணு ஊத்துடா" என்றார். "எனக்கு ரெண்டு வருஷம் விட்டுப்போச்சு."

அதன்பிறகு அப்பாவின் கதைகள் ஆரம்பித்தன. அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

காலையில் ஒலேசியா எழுந்தபோது டோரினின் படுக்கை காலி. மூன்று பைகளும் இல்லை. முந்தின பஸ்ஸிலேயே நழுவிவிட்டான் என்று அவளுக்குத் திக்கென்றது. கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு வீட்டுச் செருப்போடு சேற்றில் ஓடினாள்.

ஊர் ஆஸ்பத்திரி இன்னும் திறக்கவில்லை. வாசல் பெஞ்சில் நான்கு பேர், ஒருவர் தாடையிலும் கத்தி படவில்லை. கோடியில் சித்தப்பா, யாரையும் பார்க்காமல், பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"தள்ளி உக்காருங்கப்பா, கேப்டன் வந்தாச்சு" என்றான் டோரின்.

அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். நல்ல குளிர். கதவு திறப்பதற்கு முன்பே அவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி வைத்திருந்தான், தோலெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருந்தது. பட்டாளத்துத் துணி, விறைப்பாக நிற்காமல் வழுக்கி வழுக்கி இறங்கியது. ஆக்ஸெந்தி ஒன்றும் பேசாமல் அதை மறுபடி மறுபடி மேலே சுருட்டி விட்டுக்கொண்டிருந்தான்.