இரண்டு பாதம் குறைத்து

தையல்காரி கையில் ஒரு துண்டு வெள்ளை டேப்போடு ஓடுதளத்தில் மண்டியிட்டிருந்தாள். அதை எங்கே ஒட்டுகிறாள் என்பதில்தான் அவள் அப்பாவின் குழு பிழைப்பதும் கலைவதும் இருந்தது. எல்லோருக்கும் மாஸ்டரான அப்பா இறந்து இரண்டு மாதம். இன்றைய தொடர் ஓட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவேன் என்று மன்றச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மற்ற அணிகளில் குச்சியோடு வருகிறவள் "இந்தா!" என்று கத்துவாள், முன்னால் ஓடுகிறவள் கை நீட்டுவாள். எட்டு அணியும் கத்தினால் யார் குரல் யாருக்குக் கேட்கும்? மாஸ்டர் கத்தலையே ஒழித்தார். நிற்கிறவளுக்குப் பின்னால் தரையில் ஒரு டேப். வருகிறவள் அதைத் தொடுவதைப் பார்த்ததும் பாய வேண்டும், அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது. பதினாறாவது காலடியில் கை பின்னால் போகும். குச்சி அங்கே வந்திருக்கும். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அப்புறம் மூன்று வருடம் கோப்பை வேறெங்கும் போகவில்லை.

டேப் எத்தனை பாதம் தள்ளி இருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் நோட்டில் இருந்தது: இருபத்துநாலு.

"இருபத்திரண்டுல ஒட்டப் போறேன்" என்றாள் தையல்காரி.

மூன்றாவதாக ஓடுகிறவளுக்குப் பட்டப்பெயர் வெடி, அவளிடம் குச்சி கொண்டுவருகிறவளுக்கு ஒட்டகம். வெடி பதறினாள். "ஐயோ அக்கா, மாஸ்டர் எழுதினதுல கை வைக்காதீங்க! உங்களுக்குத் துணி வெட்டத்தானே தெரியும்?"

"துணியையும் ஆளைப் பாத்துத்தான்டி வெட்டணும். எதிர்க்காத்து மூஞ்சியில அறையுது. ஒட்டகம் எப்பவும் வர்ற வேகத்துல இன்னைக்கு வரமாட்டா. நீ முன்னாடியே கிளம்பிட்டா உன்னைப் பிடிக்கவே முடியாது."

"சொதப்பினா?"

"என்னைத் திட்டு."

அப்பா மைதானத்தில் நோட்டைப் புரட்டி அவள் பார்த்ததேயில்லை. காற்றைப் பார்ப்பார், பெண்களின் தோளைப் பார்ப்பார். டேப்பை அழுத்தி ஒட்டினாள்.

துப்பாக்கி வெடித்தது. இரண்டாவது ஓட்டக்காரி ஒட்டகம் காற்றை முட்டிக்கொண்டு வந்தாள். டேப்பைத் தொட்டாள்! வெடி சீறினாள். பக்கத்துப் பாதைகளில் ஒரே கூச்சல். ஒருத்தியின் குச்சி தரையில் உருண்டது. வெடியின் கை பின்னால் போனது. எட்டவில்லை... இன்னும் எட்டவில்லை... குச்சி கைமாற வேண்டிய எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் விரல்நுனியில் குச்சி ஏறியது!

தையல்காரி தொண்டை கிழியக் கத்தினாள். கடைசிக்காரி இரண்டாவதாக மார்பைக் கோட்டில் தள்ளினாள்.

வெடி மூச்சிரைக்க ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "பொழச்சோம்க்கா! மாஸ்டர் இருந்தா இருபத்திரண்டுதானே சொல்லியிருப்பாரு?"

"இருபத்தொண்ணு சொல்லியிருப்பாரு. நீங்க முதலாவதா வந்திருப்பீங்க."

"அப்ப சீக்கிரம் கத்துக்கங்க" என்றாள் ஒட்டகம், தரையில் மல்லாந்தபடியே. "அடுத்த பந்தயத்துக்கு இருபது நாள்தான் இருக்கு."